வாவித் தண்ணீர் மீது விழுந்த பழி

சென்ற மாதம் சுதர்சன் என் கைபேசிக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார். கல்லடியில் உல்லாசப் பயணிகளுக்குச் சைக்கிள் வாடகைக்கு விடுகிற கடையில் அவர்தான் தலைமை மெக்கானிக். படத்தில் ஒரு மேசை, அதன்மேல் ஏழு ஒயில் போத்தல்கள், மூன்று கிறீஸ் குழாய்கள். கீழே ஒரு கேள்வி: "அண்ணன், முன் சொக்குக்கு இதுல எத ஊத்துற, எதப் பூசுற?"

சொக்கு என்று நாங்கள் சொல்வது மவுண்டன் சைக்கிளின் முன் சில்லை, அதாவது முன் சக்கரத்தை, பிடித்திருக்கும் இரண்டு கால்களை. மேல் குழாய் கீழ்க் குழாய்க்குள் இறங்கி ஏறும். உள்ளே ஸ்பிரிங் இருக்கும். பள்ளத்தில் விழுகிற அடி கைக்கு வராமல் அது வாங்கிக்கொள்ளும். என் காலத்தில் அதற்கென்று மட்டக்களப்பில் ஒரு போத்தல்கூட இருக்கவில்லை. இன்றைக்கு ஏழு இருக்கிறது, ஏழில் எது என்று தெரியாமல் நிற்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் பொறாமையும் வந்தது, அதையும் மறைக்கவில்லை.

இரண்டு வரியில் பதில் அனுப்பியிருக்கலாம். ஆனால் இரண்டு வரியில் வருகிற புத்தியை யாரும் மதிப்பதில்லை. நானும் மதித்தவன் இல்லை. அந்த இரண்டு வரியைப் படிப்பதற்கு எனக்கு இருபத்தொரு சைக்கிள் தேவைப்பட்டது. அவற்றைக் கெடுத்தவனும் நான், திருத்தியவனும் நான். ஆகையால் சுதர்சனுக்கு முழுக் கதையையும் எழுதுகிறேன்.

நான் தொழில் பழகிய கதை நீளமில்லை. உழவு இயந்திரம் திருத்துகிற கராஜில் நான்கு வருடம், தண்ணீர்ப் பம்பியில் இரண்டு வருடம், பிறகு கல்லடியில் சொந்தமாக ஒரு சைக்கிள் கடை. சுனாமி அந்தக் கடையை அத்திவாரத்தோடு கொண்டுபோனது. மனைவியும் மகளும் அன்றைக்கு நகரத்தில் இருந்ததால் தப்பினார்கள். அதற்கு மேல் நான் கடவுளிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஸ்பானர் கூட மிஞ்சாத ஆளாக, நிவாரண நிறுவனம் ஒன்றின் கராஜில் போய் வேலை கேட்டேன்.

அந்தக் கராஜ் நகரத்தில், கடலோடு சேர்கிற உப்பு வாவியின் கரையோரம் இருந்தது. பொறுப்பாளர் காத்தான்குடி லத்தீப் நானா. முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம். வளைகுடாவில் பெரிய கிரேன்களுக்கு ஒயில் பம்பி திருத்தியவர். என்னைவிட எட்டு ஒன்பது வயது மூத்தவர். அவர் யாரையும் ஏசி நான் கேட்டதில்லை. நாங்கள் ஒரு வேலையை முடித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, இனி ஒரு தேத்தண்ணி குடிக்கலாம் என்று நிமிரும்போது வந்து நிற்பார். உள்ளங்கையை ஹேண்டில் மேல் வைத்து இரண்டு தரம் அமுக்குவார். தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கேட்பார். சரியென்றால் ஒன்றும் சொல்லாமல் போய்விடுவார். சரியில்லை என்றால் நான்கு சொல்: "இன்னொருக்கா கழட்டிப் பாருங்க ராசா." ஏன் என்று சொல்ல மாட்டார். கேட்டால், "கழட்டினாத் தெரியும்" என்பார். ஏச்சு வாங்கியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது.

சுனாமிக்குப் பிறகு வந்த கொள்கலன்களில் என்னென்னவோ வந்தன. பனிக்குப் போடுகிற கம்பளிச் சட்டை, குளிர்காலத் தொப்பி, அவற்றோடு சொக்கு வைத்த மவுண்டன் சைக்கிள் இருபத்திரண்டு. முதலில் அவற்றைப் பார்த்துச் சிரித்தோம், மலையே இல்லாத ஊருக்கு மலைச் சைக்கிள் என்று. இரண்டு வருடம் அவை தேற்றாத்தீவுப் பக்கம் கரையோர முகாம்களில் ஓடின. பிறகு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், சண்டை ஓய்ந்து சனம் ஊருக்குத் திரும்பியபோதுதான் அந்தச் சைக்கிள்களுக்கு வேலை வந்தது. தார் என்பது அங்கே பேருக்கும் இல்லை. வாய்க்கால் கட்டிலும் வயல் வட்டை ஓரத்திலும், கண்ணிவெடி எடுத்துக் கயிறு கட்டிவிட்ட ஒற்றையடிப் பாதையிலும்தான் போகவேண்டும். மோட்டார் சைக்கிளுக்கு எரிபொருளும் இல்லை, இடமும் இல்லை.

சுகாதாரத் தொண்டர்கள் இருபத்திரண்டு பேருக்கு அந்த இருபத்திரண்டையும் கொடுத்தார்கள். ஹேண்டிலில் ஒரு கூடை மாட்டினோம். கூடைக்குள் மருந்துப் போத்தல், காயத்துக்குக் கட்டுகிற சாமான், பிள்ளை நிறுக்கிற தராசு. அந்தக் கண்ணாடிப் போத்தல்கள் உடையாமல் போய்ச் சேருவது முழுக்க அந்தச் சொக்கின் கையில். ஆஸ்பத்திரி ஒரு நாள் தூரத்தில் இருந்த சனத்துக்கு அந்தக் கூடைதான் ஆஸ்பத்திரி.

மாரி தொடங்குமுன் எல்லாச் சொக்கையும் கழற்றிக் கிறீஸ் மாற்றும் பொறுப்பு எனக்கு வந்தது. என்னிடம் இருந்தது உழவு இயந்திரச் சில்லுக்கு வைக்கிற தடித்த கிறீஸ். நல்ல சாமான், வெயிலுக்கும் உருகாது, இருபது வருடமாக நான் நம்பிய சாமான். அதைத்தான் உள்ளே அப்பினேன். அதோடு விட்டேனா? கடற்கரையில் வளர்ந்தவனுக்கு இரும்பைச் சும்மா விட மனம் வராது. கதவுப் பூட்டிலிருந்து வள்ளத்து ஆணிவரை எல்லாவற்றுக்கும் எண்ணெய் போடுகிற ஊர் எங்களுடையது. உப்புக் காற்றுக்குக் காவலாக இருக்கட்டும் என்று பளபளக்கிற மேல் குழாயின் வெளிப்புறத்திலும் கிறீஸை நன்றாகத் தடவிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து ஆயுத பூசை. மற்ற வருடங்களில் தவம் என்கிற எங்கள் வெல்டிங்காரர்தான் சந்தனம் வைப்பார். ஹேண்டில் நடுவில் ஒரு பொட்டு, அவ்வளவுதான். அந்த வருடம் அவர் லீவு. தட்டு என் கைக்கு வந்தது. என் வேலை முடித்த சொக்குகள் வரிசையாக மின்னிக்கொண்டு நிற்கின்றன. மனம் நிறைந்து, ஒவ்வொரு குழாயிலும் முழங்கைக்கு வைப்பதுபோல மூன்று கீறு சந்தனம், நடுவில் குங்குமம் வைத்தேன். கிறீஸ் மேல் சந்தனம் நன்றாக ஒட்டியது. பார்க்க அழகாக இருந்தது.

ஒரு சைக்கிளில் மட்டும் கை நின்றது. அது தொண்டர்களில் ஒருத்தியான ஏறாவூர் முஸ்லிம் பிள்ளை பரீதாவுடையது. அவ அன்றைக்கு வரவில்லை. வந்திருந்தால் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டா, நல்ல பிள்ளை. ஆனாலும் கேட்காமல் பூசுவது மரியாதையில்லை என்று விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனேன். லத்தீப் நானா வழமைபோல பூசை முடியும்வரை வாசலில் நின்று, வருகிறவர்களைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மழை தொடங்கி மூன்று வாரம் இருக்கும். முதலில் வந்தது புவனா. வவுணதீவுக்கு அங்கால் ஐந்து கிராமம் பார்க்கிற தொண்டர். நனைந்த சுடிதாரோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து என் முன்னால் நிறுத்தினா.

"அண்ணன், இது சொக்கா, குழி தோண்டுற அலவாங்கா?"

"என்ன புள்ள, என்ன நடந்த?"

"அமுக்கிப் பாருங்க. கல்லு மாதிரி நிக்கிது. கூடைக்குள்ள மூணு போத்தல் உடஞ்சிட்டு. காய்ச்சல் மருந்து எல்லாம் வரம்புல போச்சு. அந்தத் தாய்க்கு நான் என்னத்தச் சொல்லுற?"

அமுக்கினேன், அசையவில்லை. கழற்றினேன். உள்ளே நான் வைத்த கிறீஸ் இல்லை. சாம்பல் நிறத்தில் ஒரு களி. குழாயில் நெடுக மெல்லிய கீறல்கள். அந்தக் கிழமைக்குள், ஒரு வாரத்துக்குள், இருபத்தொரு சைக்கிளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தன. எல்லாவற்றிலும் அதே களி. வேலை செய்கிற வாங்குப் பலகை எல்லாம் சைக்கிளாக நிறைந்து, கராஜ் கலியாண வீட்டு வளவு போல இருந்தது, சந்தோசம் மட்டும்தான் இல்லை. லத்தீப் நானா வந்து பார்ப்பார். "இன்னொருக்கா கழட்டிப் பாருங்க ராசா" என்பார். நானும் கழற்றுவேன். அதே களி. வெளியே தடவியதைத் தொடாமல் உள்ளே மட்டும் மண்ணெண்ணெயில் கழுவுவேன், அதே தடித்த கிறீஸை வைத்துப் பூட்டுவேன். இரண்டு நாளில் திரும்பி வரும்.

கொழும்பிலிருந்து எங்கள் நிறுவனத்தின் வாகனப் பகுதிப் பொறியியலாளர் ஜெயசீலன் சேர் வந்தார். கெட்டிக்காரர், ஆனால் அவசரக்காரர். ஒரு சொக்கைத் திறந்து காட்டினேன். விரலால் களியைத் தொட்டார், கராஜுக்குப் பின்னால் தெரிந்த வாவியைப் பார்த்தார், முடிவுக்கு வந்துவிட்டார்.

"உப்புத் தண்ணி உள்ளுக்குப் போயிருக்கு. இந்த லகூனுக்கு இந்த சைக்கிள் சரிவராது மிஸ்டர் சிவராசா. உங்க மேல பிழை இல்ல. நான் ரிப்போர்ட்ல அப்படியே எழுதுறேன். திங்கக்கிழமை லொறி வரும், எல்லாத்தையும் ஏத்தி விடுங்க. மலைநாட்டுப் பக்கம் குடுத்துறலாம்."

"அப்ப இங்க வேலை செய்யுற ஆக்கள்?" என்று லத்தீப் நானா கேட்டார்.

"வேற ஏற்பாடு வரும்வரைக்கும் நடக்கத்தான் வேணும்."

உண்மையைச் சொல்கிறேன், அவர் அதைச் சொன்னபோது எனக்கு முதலில் வந்தது நிம்மதி. என் மேல் பிழை இல்லை. எழுத்திலும் வரப்போகிறது. சுனாமிக்குப் பிறகு கிடைத்த ஒரே வேலை, அது போகாது. வாவி பாவம், அது வந்து மறுத்துப் பேசவா போகிறது? பிறகுதான் புவனா முகம் ஞாபகம் வந்தது. ஐந்து கிராமத்தையும் மாரித் தண்ணீரில் நடந்து பார்ப்பதென்றால் கிழமைக்கு ஒரு கிராமம்தான் முடியும். அப்படியே வெட்கமும் வந்தது.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை காலை, சைக்கிளை ஒப்படைக்கப் பரீதா வந்தா. அழுதிருக்கிறா என்று கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. ஹேண்டிலை வாங்கித் திருப்பினேன். பழக்கத்தில் கை அமுக்கியது.

சொக்கு இறங்கியது. கொஞ்சம் இறுக்கம்தான், ஆனால் இறங்கியது, ஏறியது.

"புள்ள, நீங்க இதுக்கு என்ன செஞ்சீங்க?"

"ஒண்டும் செய்யல்ல அண்ணன். ஏன், பழுதாக்கிட்டனா?"

"எந்த வழியால போறீங்க, வாறீங்க?"

"புவனா அக்காவோடதான். அவ போற வழிதான் நானும்."

அதே வழி, அதே வெள்ளம். மட்கார்டில் அதே செம்மண் காய்ந்திருந்தது. கழற்றினேன். என் கிறீஸ் தடித்துப் போய், வாய்ப்பக்கத்தில் இருக்கிற ஸ்பொஞ்ச் வளையத்தை அடைத்துக்கொண்டு இருந்தது. ஆனால் மஞ்சளாகச் சுத்தமாக இருந்தது. களி இல்லை, கீறல் இல்லை. உப்புத் தண்ணீர்தான் குற்றவாளி என்றால் ஏறாவூர்ப் பிள்ளையின் சைக்கிளுக்கு மட்டும் அது ஏன் மரியாதை கொடுத்தது?

புவனாவின் சொக்கிலிருந்து எடுத்த களியில் ஒரு உருண்டையை வெள்ளைத் துணியில் வைத்து, மேலே மண்ணெண்ணெய் ஊற்றிக் கசக்கினேன். கிறீஸ் கரைந்து ஓடியது. துணியில் மஞ்சள் மிஞ்சியது, அதன் ஓரத்தில் சிவப்பு. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனேன். மண்ணெண்ணெய்க்கு அடியில் சந்தன வாசம்.

நான் வாங்கில் இருந்துவிட்டேன். பொடியைக் குழைத்துக் குழாயில் பூசியிருக்கிறேன். அது உதிராமல் பிடித்துவைக்க அடியில் கிறீஸ் தடவிக் கொடுத்திருக்கிறேன். சொக்கு ஒவ்வொரு தரமும் இறங்கும்போது அந்தப் பொடியை இழுத்துக்கொண்டு உள்ளே போயிருக்கிறது. மழை அதைக் குழம்பாக்கியிருக்கிறது. இரும்பு தேய்க்கிற எமரித்தாளை உள்ளே வைத்துப் பூட்டியிருந்தாலும் இதைவிட ஒழுங்காக வேலை செய்திருக்காது. தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். என் வினை இருபத்தொரு பேரைச் சுட்டிருந்தது.

துணியைக் கொண்டுபோய் லத்தீப் நானாவின் மேசையில் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை, மோந்து பார்க்கவும் இல்லை.

"கண்டிட்டீங்களா?" என்றார்.

"உங்களுக்குத் தெரியுமா நானா?"

"முதல் சொக்கு திறந்த அண்டைக்கே ஒரு ஓரத்துல சிவப்புக் கண்டன்."

"அப்ப ஏன் சொல்லல்ல?"

அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து இருந்தார். "நான் சொன்னா அது ஒயில்ட கதையா இருக்காது ராசா. காத்தான்குடியான் எங்கட பூசையில குத்தம் கண்டுட்டான் எண்டு வரும். நீங்க அப்பிடி நினைக்க மாட்டீங்க, எனக்குத் தெரியும். ஆனாக் கதை இந்தக் கேற்றுக்கு வெளியால போகும். நம்மட ரெண்டு பகுதியும் பட்டது போதாதா? அதுக்காகத்தான் திருப்பித் திருப்பிக் கழட்டச் சொன்னன். நீங்களாக் காணட்டும் எண்டு."

எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னது நியாயம் என்று விளங்கியதால் இன்னும் கூட வந்தது. "நீங்க சொல்லியிருந்தா ஒரு கிழமை மிஞ்சியிருக்கும். சைக்கிள் போகப்போகுது நானா."

"ஓம். அது என்ட பிழை." துணியை என் பக்கம் தள்ளினார். "மறுகா இன்னொண்டு. ஜெயசீலன் சேர் உப்பு எண்டு எழுதிட்டார். அதோட விட்டா உங்களுக்கு ஒண்டும் வராது. மாத்தி எழுதப் போனா, பிழை உங்கட பேர்ல வரும். வேலை போகாதெண்டு நான் சொல்ல ஒண்ணாது."

"விட்டா சைக்கிள் போயிரும்."

"ஓம்."

"அப்ப எழுதுவம்" என்றேன். தைரியசாலி என்று யாரும் நினைக்கவேண்டாம். இந்தக் களியை நான் திருத்திக் காட்டாவிட்டால், இனி ஒரு சைக்கிளில் கைவைக்க எனக்கே மனம் வராது. அது மட்டும்தான் காரணம்.

எழுதினால் மட்டும் போதாது, சொக்கு ஓடவேண்டும். பழைய கிறீஸ் சரிவராது என்று பரீதாவின் சொக்கே சொல்லிவிட்டது. சந்தனம் இல்லாமலேயே அது இறுகத்தான் தொடங்கியிருந்தது. அப்படியானால் எது? ஜும்ஆ தொழுகைக்குப் போன லத்தீப் நானா, வரும்போது வள்ளத்து இயந்திரம் திருத்துகிற தன் மச்சானிடம் ஒரு டப்பா கிறீஸ் வாங்கி வந்தார். தண்ணீருக்குள் வேலை செய்கிற கிறீஸ். நான் கராஜில் இருந்ததை எல்லாம் இறக்கினேன். கியர் ஒயில், பிரேக் ஒயில், மோட்டார் சைக்கிள் சொக்குக்கு ஊற்றுகிற ஒயில், வான் வாகனங்களின் பவர் ஸ்டியரிங்குக்கு ஊற்றுகிற சிவப்பு ஒயில்.

தேற முடியாத சொக்கு இரண்டு இருந்தன. அவற்றில் ஒயில் கசியாமல் பிடிக்கிற ரப்பர் சீல் வளையங்களை வெட்டி, ஒவ்வொரு துண்டையும் வேர்னியர் அளவுகோலால் அளந்து, ஒவ்வொரு கிளாஸ் ஒயிலுக்குள் போட்டு, கிளாஸில் பேர் எழுதி ஒட்டினேன். ஒயில்களைத் தேத்தண்ணிக் கோப்பைத் தட்டுகளில் ஊற்றி மத்தியான வெயிலில் வைத்துச் சரித்துப் பார்த்தோம், எது தண்ணீராக ஓடுகிறது, எது நகரவே மாட்டேன் என்கிறது என்று. கிறீஸ் இரண்டையும் கண்ணாடித் துண்டில் பூசி வாவித் தண்ணீர் வாளிக்குள் போட்டுவைத்தோம். நானா ஒரு தட்டிலிருந்து அடுத்த தட்டுக்குப் போய், பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் ஒரு சொட்டை உருட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

சனிக்கிழமை காலை பதில் கிடைத்தது. பிரேக் ஒயிலில் கிடந்த ரப்பர் ஊறவைத்த பயறு போல ஊதியிருந்தது. அதை ஊற்றியிருந்தால் சொக்கு ஒரு கிழமைகூடத் தாங்கியிருக்காது. கியர் ஒயில் ரப்பரை ஒன்றும் செய்யவில்லை, ஆனால் ஸ்பொஞ்ச் வளையம் அதை உறிஞ்ச மறுத்தது. மோட்டார் சைக்கிள் ஒயில் எல்லாச் சோதனையிலும் தேறியது, ஆனால் நகரம் முழுக்கத் தேடினாலும் இரண்டு போத்தல்தான். சிவப்பு ஒயிலில் கிடந்த துண்டை மூன்று தரம் அளந்தேன், போட்டபடியே இருந்தது. வெயிலில் நீர்த்துப் போகவில்லை. ஸ்பொஞ்சில் விட்டவுடன் உள்ளே போனது. கராஜில் ஒரு பீப்பா நிறைய இருந்தது. வாளியில் கிடந்த கண்ணாடிகளில் என்னுடைய கிறீஸ் வெளிறி வழுக்கத் தொடங்கியிருந்தது. வள்ளத்துக் கிறீஸ் தண்ணீரை உதறிவிட்டு வைத்த இடத்தில் இருந்தது.

தவத்தை வீட்டிலிருந்து கூப்பிட்டோம். பிறகு மூன்று பேரும் இறங்கினோம். முறையைச் சொல்கிறேன், சுதர்சன், கவனியுங்கள். கீழ் ஆணியை அரைவாசி தளர்த்தி மரச் சுத்தியலால் ஒரு தட்டு. பிறகு ஆணியைக் கழற்றி, கீழ்க் காலை ஆட்டாமல் நேராக உருவி எடு. முதலில் மண்ணெண்ணெய், பிறகு சவர்க்காரத் தண்ணீர், பிறகு நல்ல தண்ணீர். ஈரம் ஒரு துளியும் இல்லாமல் காயவிடு. கீறல் விழுந்த குழாயை ஒயில் தொட்ட மிக மெல்லிய எமரித்தாளால், நீளவாக்கில் இல்லாமல் சுற்றித் தேய். ஸ்பொஞ்ச் வளையத்தைச் சிவப்பு ஒயிலில் ஊறவைத்து, பிழியாமல் வைத்துப் பூட்டு. சீலின் உதட்டில் வள்ளத்துக் கிறீஸ், நகத்தில் எடுக்கிற அளவு. ஸ்பிரிங்கில் அதே கிறீஸ், மெல்லிதாக. கீழ்க் காலுக்குள் சிவப்பு ஒயில் பத்து மில்லி. புவனா கொண்டுவந்து தந்த ஊசி போடுகிற சிரிஞ்சால்தான் அளந்து விட்டோம். உங்கள் மேசையிலும், ரப்பரை ஊதவைக்காமல் ஸ்பொஞ்சில் இறங்குகிற ஒயிலையும் தண்ணீரை உதறுகிற கிறீஸையும்தான் எடுக்கவேண்டும். கடைசியாக, மேல் குழாயின் வெளிப்புறத்தைத் துணியால் துடைத்துக் காயவிடு. அங்கே ஒன்றும் பூசாதே. எண்ணெய் போட்டுப் போட்டே வளர்ந்த கைக்கு அந்தக் கடைசி வேலைதான் மிகக் கஷ்டம். துடைத்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

ஞாயிறு பின்னேரம் பரீதாவுடையதோடு சேர்த்து இருபது சைக்கிள் நின்றன. லத்தீப் நானா ஒவ்வொன்றாக வந்து, உள்ளங்கையை வைத்து, இரண்டு தரம் அமுக்கி, காது கொடுத்தார். இருபதாவதையும் அமுக்கிவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். இருபது வருடத் தொழிலில் எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அந்தப் பேசாமல் போனதுதான்.

நான் இருந்து கடிதத்தை எழுதினேன். சொக்குகள் நின்றதற்குக் காரணம் வாவித் தண்ணீர் அல்ல என்றும், தவறான கிறீஸைத் தெரிவு செய்ததும், அதை வெளியே பூசி அதன்மேல் பூசைச் சந்தனம் வைத்ததும் நான் என்றும், இப்போது என்ன செய்திருக்கிறேன் என்றும் எழுதி, முழுப் பேரில் கையொப்பம் வைத்தேன். லத்தீப் நானா வாங்கி வாசித்தார். "முதல் நாளே கண்டும் சொல்லாமல் விட்டது பொறுப்பாளராகிய நான்" என்று கீழே ஒரு வரி சேர்த்துத் தானும் கையொப்பம் வைத்தார். வேண்டாம் என்றேன். கேட்கவில்லை.

திங்கள் காலை மழை. லொறி வாசல் கேற்றடியில் வந்து நின்றது. தொண்டர்கள் எல்லாரும் குடையோடு வந்து நின்றார்கள், கடைசியாகப் பார்த்துவிட்டுப் போக. ஜெயசீலன் சேர் கடிதத்தை நின்றபடியே வாசித்தார். இரண்டாம் தரமும் வாசித்தார். என்னைப் பார்த்தார்.

"நான் உங்க மேல பிழை இல்லன்னு எழுதிட்டேனே."

"அது என்ட பிழைதான் சேர்."

"இது கொழும்புக்குப் போனா என்ன நடக்கும்னு தெரியுமா?"

"தெரியும் சேர். சைக்கிள ஒருக்கா அமுக்கிப் பாருங்க."

அமுக்கினார். இறங்கியது, ஏறியது. முகம் மாறவில்லை. "இப்ப நல்லாத்தான் இருக்கும். தண்ணிக்குள்ள போய் வந்தா பழைய குருடி கதவைத் திறடிதான்."

"அப்ப போய் வருவம்" என்றார் லத்தீப் நானா. "எதையெண்டு நீங்களே எடுங்க சேர். லொறி நிக்கட்டும்."

அவர் வரிசையில் நடுவிலிருந்து ஒன்றை இழுத்தார். புவனா கூடையை மாட்டி, அதற்குள் பன்னிரண்டு கண்ணாடிப் போத்தல் அடுக்கினா. பஞ்சு வைக்கவில்லை. வேண்டுமென்றுதான் வைக்கவில்லை என்று பிறகு சொன்னா. வலையிறவுப் பாலம் தாண்டி, சோதனைச் சாவடியில் கூடையை இறக்கிக் காட்டி ஏற்றி, வவுணதீவுக்கு அங்கால் வீதியை மூடி வெள்ளம் ஓடுகிற இடத்துக்குப் போனோம், அவ சைக்கிளில், நாங்கள் பின்னால் வாகனத்தில். முழங்கால் அளவு தண்ணீர். சில்லின் அச்சு தெரியவில்லை. அவ இறங்கவில்லை. மிதித்து அந்தப் பக்கம் போனா, திரும்பி வந்தா, எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு, யாரும் சொல்லாமலே மறுபடியும் போய் வந்தா. சிரித்துக்கொண்டு வந்தா. போத்தல் பன்னிரண்டும் இருந்தன.

கராஜுக்கு வந்து, ஜெயசீலன் சேருக்கு முன்னால், கீழ் ஆணியைக் கழற்றினேன். அடியில் வெள்ளைப் பீங்கான் தட்டு வைத்தேன். தண்ணீர் கலந்திருந்தால் அந்தச் சிவப்பு ஒயில் ரோசாப்பூ நிறப் பாலாக வரும். ஒன்றும் மறைக்க முடியாது. தொண்டர்கள் சுற்றி நின்றார்கள்.

ஒயில் இறங்கியது. சிவப்பாக, தெளிவாக, ஊற்றியது ஊற்றியபடி.

ஜெயசீலன் சேர் குந்தி இருந்து அதில் விரலை வைத்தார். உருட்டினார், மோந்து பார்த்தார். எழும்பித் தன் கோப்பிலிருந்து பழைய அறிக்கையை எடுத்து, நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். கேற்றடிக்குப் போய் லொறிச் சாரதியைத் திரும்பிப் போகச் சொன்னார். திரும்பி வந்து, இனி இந்தச் சைக்கிள்களுக்கு ஒயிலும் கிறீஸும் யார் தெரிவு செய்வது, பேர் எழுதவேண்டும் என்று லத்தீப் நானாவைக் கேட்டார்.

"பிழைய எழுதின ஆள்தான்" என்றார் நானா.

என் பேரை எழுதினார். யுத்தம் முழுதாக முடிந்து, வீதிக்குத் தார் வந்து, நான் ஓய்வு பெறும்வரை அந்தப் பேரை யாரும் மாற்றவில்லை.

ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அந்தக் கடதாசி அல்ல. தொண்டர்கள் மழைக்குள் தங்கள் தங்கள் சைக்கிளை எடுத்துக் கூடையை மாட்டிக்கொண்டு கேற்றால் வெளியேறியதுதான். வாசலில் ஒரு பெரிய குழி இருந்தது. இருபது முன் சில்லும் அதில் விழுந்து எழும்பின. ஒரு போத்தல்கூடச் சத்தம் போடவில்லை.